ஆலைக் கழிவுநீரில் மீன் பிழைக்குமா? உரிமம் கேட்பதும் கேட்காததும்

ஆற்றில் மீன் செத்து மிதந்தால் தோட்டப்புறத்தில் முதலில் எழும் கேள்வி, "ஆலைத் தண்ணீரைத் திறந்துவிட்டார்களா?" என்பதுதான். சில நாள் கழித்து வரும் பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: மாதிரி எடுத்துச் சோதித்தோம், எல்லா அளவுகளும் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளன. மீன் செத்தது கண்ணால் கண்ட உண்மை. அளவு சரியாக இருந்தது என்பதும் உண்மையாகவே இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகும் என்ற கேள்விக்கு விடை, கழிவுநீரை நாம் எதை வைத்து அளக்கிறோம் என்பதில் இருக்கிறது.

மலேசியச் சட்டம் கழிவுநீரில் என்ன பொருள், எவ்வளவு இருக்கிறது என்று அளக்கச் சொல்கிறது. வேறு சில நாடுகளில் அதோடு இன்னொரு வேலையும் உண்டு. அந்தக் கழிவுநீரிலேயே ஓர் உயிரை விட்டு, அது பிழைக்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்குப் பெயர் நச்சுத்தன்மைப் பரிசோதனை. அமெரிக்காவில் ஆற்றில் கழிவுநீர் விடும் உரிமங்களில் இது பல ஆண்டுகளாக ஒரு நிபந்தனை. நம் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகளின் அட்டவணையில் இது இல்லை.

நம் நாட்டு நடைமுறை

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம். அதன் 25-ஆவது பிரிவு, அனுமதிக்கப்பட்ட அளவை மீறி எவரும் ஆறு, ஓடை, கால்வாய் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் கழிவை விடக்கூடாது என்கிறது. 2024-இல் வந்த திருத்தம், கடுமையான குற்றங்களுக்கான உச்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தியது. அதற்கு முன் 25-ஆவது பிரிவின் கீழ் உச்ச அபராதம் 100,000 ரிங்கிட்தான்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. எல்லாத் தொழிற்சாலைக்கும் கழிவுநீர் உரிமம் கிடையாது. செம்பனை எண்ணெய் ஆலை, ரப்பர் ஆலை, அபாயக் கழிவுகளைக் கையாளும் நிலையம் ஆகியவைதான் சட்டம் குறிப்பிட்ட இடங்கள். இவை சுற்றுச்சூழல் துறையிடம் உரிமம் பெற்று, அந்த உரிமத்தில் எழுதிய நிபந்தனைப்படி நடக்க வேண்டும். மற்றத் தொழிற்சாலைகள் 2009-ஆம் ஆண்டு தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகளுக்குக் கட்டுப்பட்டால் போதும். அவற்றுக்கு உரிமம் தேவைப்படுவது, வரம்பை மீறி வெளியேற்றுவதற்கு அனுமதி கேட்கும்போதுதான்.

செம்பனை ஆலைகளின் கதை தோட்டத் தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. ஒரு டன் எண்ணெய் எடுக்க 5 முதல் 7.5 டன் வரை தண்ணீர் செலவாகிறது. அதில் பாதிக்கு மேல் பழுப்பு நிறக் கழிவாக, கொதிக்கக் கொதிக்க வெளியே வருகிறது. அப்படியே வெளிவரும் கழிவின் பிஓடி அளவு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். பிஓடி என்றால், அந்தக் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் உயிர்வளியின் அளவு. எண் பெரிதாக ஆக, ஆற்றில் மீனுக்கு மிஞ்சும் மூச்சு குறையும். 1970-களில் பல ஆறுகள் நாறிப்போனதற்குக் காரணம் இதுதான். 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிமுறை வந்தது. ஆலைகளுக்குக் கால அவகாசம் கொடுத்து, முதலில் 5,000 மில்லிகிராம் என்று தொடங்கி, 1984-க்குள் 100 மில்லிகிராமுக்கு இறக்கினார்கள். இப்போது சில இடங்களில் 20 வரை கேட்கப்படுகிறது. ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள் வெட்டப்பட்டது அதற்குப் பிறகுதான். அந்தக் குளத்து வாடை லயம் வரைக்கும் வரும் என்பது வேறு கதை.

2009-ஆம் ஆண்டு விதிமுறை இரண்டு தரங்களைச் சொல்கிறது. குடிநீர் எடுக்கும் இடத்திற்கு மேல்பகுதியில் விடும் கழிவுநீருக்கு ஏ தரம். மற்ற இடங்களுக்கு பி தரம். பட்டியலில் சுமார் 30 அளவீடுகள் உள்ளன. ஏ தரத்தில் பிஓடி 20 மில்லிகிராம், பி தரத்தில் 50. ஈயம் 0.10, 0.5. செம்பு 0.20, 1.0. அமோனியா நைட்ரஜன் 10, 20. பாதரசம் 0.005, 0.05. பொறுப்பாளராகத் தகுதிச் சான்று பெற்ற ஒருவரைத் தொழிற்சாலை வைத்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மாதிரியைச் சோதிக்க வேண்டும். முடிவைத் துறைக்கு அனுப்ப வேண்டும். படித்துப் பார்த்தால் இறுக்கமான விதிமுறைதான்.

எல்லாம் வரம்புக்குள், மீன் மட்டும் உயிரோடு இல்லை

முதல் காரணம் எளிது. பட்டியலில் இல்லாததை யாரும் தேடுவதில்லை. அந்த 30 அளவீடுகளில் பூச்சிமருந்து ஒன்றுகூட இல்லை. பெயிண்ட், பசை, மின்னணுத் தொழிற்சாலைகளில் புழங்கும் கரைப்பான்கள் இல்லை. உலகில் புழக்கத்தில் உள்ள வேதிப்பொருள்கள் பல்லாயிரம். அத்தனைக்கும் தனித்தனி வரம்பு எழுத எந்த அரசாலும் முடியாது.

இரண்டாவது காரணம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பட்டியலில் உள்ள இரண்டு அளவுகள், தனித்தனியாகப் பார்த்தால் சட்டத்துக்கு உட்பட்டவை, சேர்ந்தால் கொல்லும். பி தரத்தையே எடுத்துக்கொள்வோம். அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 20 மில்லிகிராம் வரை விடலாம். பிஎச் எனப்படும் அமில-கார அளவு 5.5 முதல் 9 வரை இருக்கலாம். அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாதது, மற்றது செவுள் வழியாக உள்ளே புகுந்து கொல்வது. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச்தான். நம் ஆறுகளைப் போல் 28 பாகை வெப்பத்தில், பிஎச் 7 என்றால் கொல்லும் வடிவம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிஎச் 9 ஆனால் நூற்றில் 40 பங்கு. அதாவது 20 மில்லிகிராமில் 8 மில்லிகிராம். பெரும்பாலான மீன்களைக் கொல்ல ஒன்று, இரண்டு மில்லிகிராமே போதும். ஆய்வக அறிக்கையிலோ இரண்டு வரிகளுக்கும் நேராக 'இணக்கம்' என்று எழுதியிருக்கும்.

செம்பும் அப்படித்தான். பி தரத்தில் ஒரு மில்லிகிராம் வரை அனுமதி. உப்புச்சத்துக் குறைந்த மென்மையான தண்ணீரில், மீன் தின்னும் சிறு நீர்த்தெள்ளைக் கொல்ல அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கழிவு ஆற்றில் கலந்து நீர்த்துப்போகும் என்று எண்ணியே அந்த அளவு வைக்கப்படுகிறது. பெரிய ஆற்றில் அது நடக்கும். வறட்சிக் காலத்தில் முழங்காலளவு ஓடும் ஓடையில் நடக்காது.

மூன்றாவது காரணம், கொல்வது நஞ்சே இல்லாமலும் இருக்கலாம். செம்பனைக் கழிவே இதற்குச் சரியான உதாரணம். எண்ணெய் பிழியும்போது ஆலை அதில் வேதிப்பொருள் எதையும் சேர்ப்பதில்லை. ஆனாலும் குளம் உடைந்து ஆற்றில் கலந்தால் மீன் மூச்சு முட்டிச் சாகும். பிஓடி அளவை அளப்பது இதைப் பிடித்துவிடும். நஞ்சைப் பிடிக்க வேறு வழி வேண்டும்.

உயிரையே கேட்பது

அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வகுத்த முறையில், நன்னீருக்கு அதிகம் பயன்படுபவை இரண்டு உயிர்கள். ஒன்று, ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத செரியோடாப்னியா என்ற நீர்த்தெள்ளு. மீன் வளர்ப்பவர்கள் இங்கே கூத்து ஆயர் என்று குஞ்சுகளுக்குப் போடுகிறார்களே, அந்தக் குடும்பம். இன்னொன்று, ஃபாத்ஹெட் மின்னோ என்ற சிறு கெண்டை வகை மீன். இவற்றோடு ஒரு பாசியையும் வைப்பதுண்டு. கடலில் விழும் கழிவுநீருக்கு மைசிட் என்ற குட்டி இறாலும் வேறு மீனும். தாவரம், தாவரத்தைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் மீன் என்று உணவுச் சங்கிலியின் மூன்று கண்ணிகளையும் தொட்டுவிடுவதுதான் நோக்கம்.

கழிவுநீரை எடுத்தவுடன் குளிரூட்டி, 36 மணி நேரத்திற்குள் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். கழிவுநீர் அப்படியே ஒரு வரிசை. பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து ஒரு வரிசை. பிறகு 25 விழுக்காடு, 12.5, 6.25. கடைசியில் கழிவே இல்லாத சுத்தமான தண்ணீர். இந்தக் கடைசி வரிசைதான் நடுவர் மாதிரி. அதிலேயே உயிர்கள் செத்தால் பரிசோதனை செல்லாது, முதலிலிருந்து செய்ய வேண்டும். குறுகிய காலச் சோதனையில் சுத்தத் தண்ணீரில் விட்டவற்றில் 90 விழுக்காடாவது பிழைத்திருக்க வேண்டும்.

குறுகிய காலச் சோதனை 24 முதல் 96 மணி நேரம். செத்தவற்றை எண்ணுவதோடு அது முடிந்துவிடும். பாதி உயிர்கள் சாகும் செறிவு எது என்று கணக்கிடுவார்கள். எல்சி50 என்பது அந்த எண். 40 விழுக்காடு கழிவுநீரிலேயே பாதி செத்தால் எல்சி50 என்பது 40. இந்த எண் குறையக் குறைய நஞ்சு அதிகம் என்று பொருள். படிப்பவர்களுக்கு இது குழப்பும் என்பதால் 100-ஐ அந்த எண்ணால் வகுத்து 'நச்சு அலகு' என்று சொல்வார்கள். நம் உதாரணத்தில் 2.5 அலகு.

நீண்ட காலச் சோதனைதான் உண்மையான சோதனை என்பேன். செத்ததா என்று மட்டும் அது கேட்பதில்லை. வளர்ந்ததா, குட்டி போட்டதா என்றும் கேட்கிறது. பிறந்து 24 மணி நேரம் ஆகாத நீர்த்தெள்ளை ஒரு சிறு கிண்ணத்துக்கு ஒன்று என்று விடுவார்கள். ஒவ்வொரு செறிவுக்கும் பத்துக் கிண்ணம், ஆக மொத்தம் 60. ஆண் இல்லாமலே குட்டி போடும் உயிர் அது. ஒரு வாரத்தில் மூன்று ஈடு குட்டி போட்டுவிடும். ஆய்வகத்தில் ஒருவர் தினமும் உட்கார்ந்து கிண்ணம் கிண்ணமாகக் குட்டிகளை எண்ண வேண்டும். சுத்தத் தண்ணீரில் ஒரு தாய்க்குச் சராசரியாக 15 குட்டியாவது இருந்தால்தான் பரிசோதனை செல்லும். மீன் குஞ்சுகளை ஏழு நாள் வளர்த்து, கடைசியில் உலர்த்தி எடை போடுவார்கள். கழிவுநீர் கொல்லவில்லை, ஆனால் குஞ்சு எடை போடவில்லை, தெள்ளு பாதிக் குட்டிதான் போட்டது என்றால், பத்தாண்டுகளில் அந்த ஆற்றில் மீன் என்ன ஆகும் என்பதை யூகிக்கலாம். செத்து மிதக்காத மீனைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை.

அமெரிக்க உரிமத்தில் இது எப்படி வந்தது

1972-ஆம் ஆண்டு அமெரிக்கத் தூய நீர்ச் சட்டம், நச்சுப் பொருள்களை நச்சாகும் அளவில் வெளியேற்றுவது தடுக்கப்பட வேண்டும் என்பதை நாட்டின் கொள்கையாக எழுதியது. அங்கே ஆற்றில் குழாய் வைத்துக் கழிவு விடும் எவருக்கும் உரிமம் கட்டாயம். அதிகபட்சம் ஐந்தாண்டு செல்லும். 1984-இல்தான் வேதி அளவீடுகளோடு உயிர்ச் சோதனையையும் உரிமத்தில் பயன்படுத்தலாம் என்ற கொள்கை வெளியானது. 1989-இல் அது விதிமுறையாக வலுப்பெற்றது. 1995-இல் சோதனை முறைகள் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டு, 2002-இல் திருத்தப்பட்டன. தொழில் துறையினர் சும்மா இருக்கவில்லை. உயிரைக் கொண்டு செய்யும் சோதனை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுபடும், நஞ்சில்லாத தண்ணீரையும் நஞ்சென்று சொல்லிவிடும் என்று நீதிமன்றம் போனார்கள். 2004-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முறைகளை ஏற்றுக்கொண்டது.

உரிமத்தில் எந்த உயிர், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்தச் செறிவில் என்றெல்லாம் எழுதியிருக்கும். செறிவைக் கணக்கிடும் விதம் நாம் கவனிக்க வேண்டியது. ஆறு சராசரியாக எவ்வளவு ஓடுகிறது என்பதை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. பத்தாண்டுகளில் ஒருமுறை வரும் கடும் வறட்சியில், ஒரு வார காலம் ஆறு எவ்வளவு மெலிந்து ஓடுமோ, அந்த அளவை வைத்தே பல இடங்களில் கணக்கிடுகிறார்கள். அந்த நாளில் ஆற்று நீர் 9 பங்கு, ஆலை நீர் 1 பங்கு என்றால், 10 விழுக்காடு செறிவில் நீண்ட காலச் சோதனையில் பாதிப்பு தெரியக்கூடாது.

தோற்றால் உடனே ஆலையை மூடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். அடிக்கடி சோதிக்கச் சொல்வார்கள். மறுபடியும் தோற்றால் காரணத்தைத் தேட வேண்டும். அந்தத் தேடலும் உயிரைக் கொண்டேதான். கழிவுநீரில் காற்றைச் செலுத்திப் பார்ப்பார்கள். நஞ்சு போய்விட்டால் ஆவியாகும் பொருள். உலோகத்தைக் கட்டிப்போடும் பொருளைச் சேர்ப்பார்கள். தெள்ளு பிழைத்தால் உலோகம். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவது.

அந்தத் தேடலில் கிடைத்த ஒரு விடை தொழிற்சாலைக்குச் சம்பந்தமே இல்லாதது. 1990-களில் பல அமெரிக்க நகரங்களின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் நீர்த்தெள்ளு செத்துக்கொண்டே இருந்தது. தேடிப் பார்த்தால் டயாசினான். வீட்டிலும் தோட்டத்திலும் எறும்புக்கும் கரப்பானுக்கும் அடிக்கும் மருந்து. எந்த உரிமத்திலும் அதற்கு வரம்பு எழுதப்பட்டிருக்கவில்லை. பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. 2004-ஆம் ஆண்டு இறுதியோடு அங்கே வீட்டு உபயோகத்துக்கு அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்கு மனிதர் உடல்நலம் உட்பட வேறு காரணங்களும் இருந்தன.

இந்தியாவில் 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரப் பட்டியலில் இது ஒரே ஒரு வரியாக நிற்கிறது: கலப்பில்லாத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 விழுக்காடு மீன் உயிரோடு இருக்க வேண்டும். நல்ல தண்ணீர் கலந்து தப்பிக்க இடமில்லை. எழுத்தளவில் அமெரிக்காவை விடக் கண்டிப்பு. எழுத்துக்கும் நொய்யல் ஆற்றுக்கும் இடையே உள்ள தூரம் திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். ஜெர்மனி முன்பு மீனை விட்டுச் சோதித்தது. உயிர்வதை கூடாது என்று இப்போது வரிக்குதிரை மீனின் முட்டையைப் பயன்படுத்துகிறது. சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகமோ, மீன் தொட்டிக்கு மேல் கேமரா வைத்து, மீனின் அசைவு மாறினால் எச்சரிக்கை தரும் கருவியைத் தண்ணீரின் தரத்தைக் கண்காணிக்கப் பயன்படுத்துகிறது.

இங்கே வந்தால்

இந்தச் சோதனை எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் நடந்தது, இரவோடு இரவாகக் கொட்டிய சட்டவிரோதக் கழிவு. 111 பள்ளிகள் மூடப்பட்டன; ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுக்கும் மயக்கத்துக்கும் ஆளாயினர். உரிமமே பார்க்காதவனுக்கு உரிம நிபந்தனை ஒன்றும் செய்யாது. 2020 செப்டம்பரில் ரவாங்கில் சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவால், சுங்கை சிலாங்கூரைச் சார்ந்த நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்று, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் நின்றபோதும் இதே நிலைதான்.

ஆனால் உரிமம் பெற்று, குழாய் வைத்து, ஆண்டு முழுவதும் சொட்டிக்கொண்டிருக்கும் இடங்களுக்கு இது பொருந்தும். செம்பனை, ரப்பர் ஆலைகளின் உரிமத்தில் நிபந்தனை சேர்க்கும் அதிகாரம் சுற்றுச்சூழல் துறைத் தலைமை இயக்குநருக்கு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. எனவே குறைந்தது இவற்றுக்காவது புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்க மீனைத் தேடிப் போகவும் வேண்டாம். நம் ஓடைகளில் வாழும் ரஸ்போரா, கால்வாயில் கிடைக்கும் கப்பி போன்ற மீன்களில் உலோக நஞ்சைச் சோதித்த ஆய்வுகள் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்தே வெளிவந்துள்ளன. தேவைப்படுவது, ஆண்டு முழுவதும் அந்த உயிர்களை ஒரே தரத்தில் வளர்த்துவரும் ஆய்வகங்கள். அது ஒரு நாளில் வரக்கூடியதல்ல.

அதுவரை, மீன் செத்து மிதப்பதைப் பார்த்தால் என்ன செய்வது? கரையில் நின்று முதலில் கவனியுங்கள். விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில், மேற்பரப்பில் வாய் பிளந்து செத்திருந்தால் உயிர்வளிக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். பகலிலும், சிறிதும் பெரிதுமாக எல்லாம், சுழன்று துடித்துச் செத்தால் நஞ்சைச் சந்தேகிக்கலாம். இறால் செத்து மீன் நீந்திக்கொண்டிருந்தால் பூச்சிமருந்தாக இருக்கலாம். நேரம், இடம், தண்ணீரின் நிறம், வாடை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு படம் எடுங்கள். உடனே சுற்றுச்சூழல் துறையின் கட்டணமில்லா எண் 1-800-88-2727-க்கு அழையுங்கள். நாமே பாட்டிலில் பிடித்து வைக்கும் தண்ணீர் நீதிமன்றத்தில் பெரிதாக எடுபடாது. அதிகாரி வந்து முறைப்படி எடுக்கும் மாதிரிதான் சாட்சி. ஓடும் ஆற்றில் நஞ்சு சில மணி நேரத்தில் கீழே போய்விடும் என்பதால், அழைப்பு அன்றைக்கே போக வேண்டும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சில நாள் கழித்து 'வரம்புக்குள்' என்று பதில் வந்தால், எந்தெந்த அளவீடுகளைச் சோதித்தார்கள், மாதிரி எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். செத்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். கோழிக்கும் போட வேண்டாம்.